செண்பகம் படுத்த கட்டில்

இனிமேல் யாரையும் தொட்டுத் தூக்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டுதான் செண்பகவல்லி அந்த ஆசிரமத்துக்கு வந்தாள்.

தலை நரைக்கும்வரை அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். கடைசி வருஷங்களில் பெரிய சிஸ்டர். அவள் வார்டுக்குள் நுழைந்தால் பேச்சுச் சத்தம் தானாகத் தணியும். அவள் பார்த்த வார்டில் யாருக்கும் படுக்கைப் புண் வந்ததில்லை என்று கூட வேலை செய்தவர்கள் சொல்வார்கள். அது உண்மை.

ஓய்வு பெற்ற பிறகு வீடு ரொம்பப் பெரிதாகிவிட்டது. கணவர் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஓசூரில் இருந்த மகன் வந்து இருக்கச் சொன்னான். போய் இருந்து பார்த்தாள். அங்கே எல்லாரும் நன்றாக இருந்தார்கள். யாருக்கும் அவள் வேண்டியிருக்கவில்லை. திரும்பி வந்து, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு மலையடிவாரத்துக்குக் கிளம்பினாள்.

மலையிலிருந்து இறங்கும் ஆறு வேகம் குறைகிற இடத்தில் அந்த ஆசிரமம் இருந்தது. பெண்கள் மட்டும் பத்துப் பன்னிரண்டு பேர். தலைவி உலகம்மை அம்மையார், எண்பதைத் தாண்டியவர். சாயங்காலம் கூடத்தில் வந்து உட்காருவார். யாராவது கேட்டால் பதில் சொல்வார். யாரும் கேட்காவிட்டால் எல்லாரும் சும்மா இருந்துவிட்டு எழுந்து போவார்கள்.

வந்த அன்றைக்கே செண்பகம் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அடுத்தவர் உடம்போடு மல்லுக்கட்டியது போதும், இனித் தன் மனசைப் பார்க்க வேண்டும், யாருக்காவது முடியவில்லை என்றால் தன்னைக் கூப்பிடக் கூடாது என்றாள்.

அம்மையார் சரி என்றார். கீரைப் பாத்தியை அவளிடம் ஒப்படைத்தார்.

கீரை அவளுக்குப் பிடிபடவில்லை. களை எது, முளை எது என்று தெரியாமல் சேர்த்துப் பிடுங்கினாள். சமையல் பார்க்கும் பூரணம் தினமும் வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போவாள். சிரிப்பில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் செண்பகத்துக்குச் சுருக்கென்றது. ஒரு காலத்தில் டாக்டர்களே அவளிடம் கேட்டுவிட்டுத்தான் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவார்கள். இங்கே அவள் கீரை தெரியாத ஒரு கிழவி.

சாயங்காலம் கூடத்தில் அம்மையார் பேசும்போது அவள் கண் பேச்சில் நிற்காது. உடம்புக்குப் போய்விடும். பெண்கள் கீச்சென்று கேட்கும் கேள்வி அம்மையாருக்குப் பாதிதான் விழுகிறது, தணிந்த குரலில் கேட்டால் முழுசாகக் கேட்கிறது. வெயிலிலிருந்து உள்ளே வந்தால் கண் பழகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நடக்கிறார். குழம்பில் உப்புப் போதவில்லை என்கிறார். டம்ளரை யாராவது கையில் கொடுத்தால்தான் தண்ணீர் குடிக்கிறார். தாகமே தெரியவில்லை போலிருக்கிறது. எல்லாம் அந்த வயசில் வருகிறதுதான். நமக்கென்ன என்று அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் காலை, குழாயடிக் கல்லில் அம்மையார் வழுக்கி விழுந்தார்.

பூரணத்தின் சத்தம் கேட்டுக் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடினாள் செண்பகம். அதற்குள் பெண்கள் கூடி, ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கப் போனார்கள்.

"யாரும் தொடாதீங்க" என்றாள் செண்பகம்.

வார்டுக் குரல். அது இன்னும் தன் தொண்டையில் இருந்தது அவளுக்கே ஆச்சரியம். எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள். மண்டியிட்டு அம்மையாரின் இடுப்பை, தொடையை, கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். எங்கே வலிக்கிறது என்று காதருகே குனிந்து தணிந்த குரலில் கேட்டாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. முழங்கை வரை நாவற்பழ நிறத்தில் ரத்தம் கட்டத் தொடங்கியிருந்தது. எப்படித் தூக்க வேண்டும் என்று சொல்லி, நான்கு பேராகத் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள்.

ஊரிலிருந்து டாக்டர் வந்தார். எலும்பு முறியவில்லை, அதிர்ஷ்டம்தான், அடுத்த தடவை இப்படி இருக்காது, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பத்திரம் என்ற சொல்லை செண்பகம் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்கே வேலை தொடங்கிவிட்டது. இரண்டு பக்கமும் கம்பி வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை ஓர் அன்பரிடம் சொல்லி வரவழைத்தாள். ஜன்னல் காற்று படாமல் அதைச் சுவர் ஓரமாகப் போட்டாள். உட்கார்ந்தபடியே ஒன்றுக்கும் வெளிக்கும் போக ஓட்டை நாற்காலி வந்தது. சாதத்தைக் குழைத்து, மசித்து, வடிகட்டித் தரச் சொன்னாள். பூரணத்தைப் பக்கத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள். வயசான தோல் ஈர அப்பளம் மாதிரி, இழுத்தால் கிழிந்துவிடும், அதனால் விரிப்பை உருவக் கூடாது. துண்டால் தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்க வேண்டும். வெந்நீரின் சூடு அவருக்குத் தெரியாது, நம் முழங்கையை விட்டுப் பார்த்துத்தான் ஊற்ற வேண்டும். சொன்ன எதுவும் தப்பில்லை.

மற்ற பெண்கள் அவளைப் பெரிய சிஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அம்மாவைப் பார்க்கலாமா என்று வாசலில் நின்று அவளிடம் கேட்டார்கள். அவளுடைய முதுகு நிமிர்ந்தது. ஆசிரமத்துக்கு வந்த பிறகு முதல் முறையாக நன்றாகத் தூங்கினாள். கீரைப் பாத்தியை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். அது யார் என்றுகூட அவள் கேட்கவில்லை.

முதல் நாள் சாப்பாடு வந்தபோது அம்மையார் நல்ல கையை நீட்டினார்.

"தட்டைக் குடு."

"கை வீங்கியிருக்கும்மா. நான் ஊட்டுறேன்."

வீக்கம் வடிந்தது. அம்மையார் மறுபடியும் கையை நீட்டினார். இருக்கட்டும், சிந்திவிடும் என்றாள் செண்பகம். கூடத்துக்குப் போக வேண்டும் என்றார். தரை ஈரமாக இருக்கிறது என்றாள். மழை நின்று தரை காய்ந்த பிறகும் நாளைக்குப் பார்க்கலாம் என்றாள். கொஞ்ச நாளில் அம்மையார் கேட்பது நின்றுவிட்டது. நல்லபடியாக ஒத்துழைக்கிறார் என்று செண்பகம் பூரணத்திடம் சந்தோஷப்பட்டாள்.

தை பிறந்தபோது அம்மையாரின் கெண்டைக்கால் சதை தளர்ந்து தொங்கியது. தூக்கி உட்கார வைத்தால் தலை சுற்றுகிறது என்றார். பகலெல்லாம் தூங்கினார். பொழுது சாயும் நேரத்தில் பூரணத்தை, எப்போதோ செத்துப்போன தன் தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கூடத்தில் சாயங்காலக் கூட்டம் நின்றே போய்விட்டது. பார்க்க வந்தவர்கள் வாசலிலிருந்து எட்டிப் பார்த்து, கும்பிட்டு, வயசாயிருச்சுல்ல என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு போனார்கள்.

ஒரு காலை உடம்பு துடைக்கும்போது, வலது குதிகாலில் ஒரு சிவப்புத் திட்டைச் செண்பகம் பார்த்தாள். விரலால் அழுத்தினாள். சிவப்பு மாறவில்லை.

படுக்கைப் புண்ணின் தொடக்கம் அது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்தினாள். பூரணத்தை அனுப்பிவிட்டுக் கட்டில் பக்கத்தில் ஒரு கை வைத்த நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் எதுலயாவது குறை வச்சேனாம்மா?"

"இல்லை" என்றார் அம்மையார்.

"பின்ன ஏம்மா இப்படி ஆகுது?"

அம்மையார் அவளைப் பார்த்தார்.

"வயசுன்னு எல்லாரும் சொல்றாங்க" என்றாள் செண்பகம். "எனக்கு வயசைத் தெரியும்மா. அது மெதுவாத்தான் வரும், வருஷக் கணக்குல. இது அது இல்ல. மழைக்கு முன்னால நீங்க நடந்துக்கிட்டு இருந்தீங்க."

இதை வாய்விட்டுச் சொல்லும்வரை தனக்கு இது தெரியும் என்பதே அவளுக்குத் தெரியாது.

அம்மையாரின் கண்ணில் வெகுநாளாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைச் சற்றுத் தூக்கினார்.

"ஒரு வேலை செய்வியா?"

"சொல்லுங்கம்மா."

"இந்தக் கட்டில்ல நீ படு. நீ உக்காந்திருக்கிற நாற்காலியில என்னை உக்கார வை."

செண்பகம் புரியாமல் விழித்தாள். அம்மையார் நிதானமாக விளக்கினார். பூரணம் செண்பகத்தைப் பார்த்துக்கொள்வாள், அம்மையாருக்கு என்னென்ன செய்தார்களோ அத்தனையும், ஒன்றுகூடக் கூடாமல் குறையாமல். செண்பகம் செய்துகொள்ள வேண்டியது ஒன்றும் இல்லை. எழுந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"எத்தனை நாளைக்கும்மா?"

"நான் சொல்ற வரைக்கும்."

"அப்போ உங்களை யாரு பாக்குறது?"

"அது என் பாடு."

குருவின் சொல். அதைத் தட்ட முடியாது. அதோடு, உள்ளுக்குள் அவளுக்கு ஒரு தைரியமும் இருந்தது. அந்தக் கட்டிலை விரித்தவள் அவள். அதில் ஒரு சுருக்கம் இருக்காது. படுத்துக் காட்டலாம், பார்க்கட்டும்.

பூரணம்தான் பயந்துபோனாள். தன்னால் முடியாது என்று அழுதாள். அம்மையார் அவளைக் கூப்பிட்டு, சிஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி செய்தால் போதும் என்றார். அதற்குப் பிறகு பூரணம் அப்படியே செய்தாள். கேலி இல்லை. எங்கே தப்புச் செய்துவிடுவோமோ என்ற பயத்தில், கற்றுக்கொண்டதை எழுத்துப் பிசகாமல் செய்தாள்.

"ஆ காட்டுங்கக்கா."

கரண்டி வந்தது. விழுங்கி முடிப்பதற்குள் அடுத்தது உதட்டில் நின்றது. வெதுவெதுப்பான, பல்லுக்கு வேலையே இல்லாத கஞ்சி. செண்பகம் ஊறுகாய் கேட்டாள்.

"வேண்டாம்க்கா. புரையேறிரும்."

அது செண்பகத்தின் வாக்கியம். குரல் இறங்குகிற இடம்கூட அவளுடையது.

பூரணம் அவளைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்க வைத்தாள். எதிரே சுண்ணாம்பு. முதுகுக்குப் பின்னால் ஜன்னல். ஆற்றில் யாரோ துணி துவைக்கும் சத்தம், அதற்கு நடுவே பேச்சு, ஒரு சிரிப்பு. யார் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தச் சொன்னாள். காத்து ஆகாதுக்கா என்றாள் பூரணம். ஒன்றுக்குப் போக வேண்டும் என்றாள். பூரணம் அடுப்பில் உலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய், இறக்கிவைத்துவிட்டு வந்தாள். அதுவரை செண்பகம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

வாசலில் யாரோ வந்து, சிஸ்டருக்கு என்னாச்சு என்று கேட்டார்கள். பூரணம் கட்டிலுக்கு மேலாகவே பதில் சொன்னாள்.

"சாப்பிட்டாங்க. வெளிக்குத்தான் இன்னும் போகல."

செண்பகத்தின் முகம் எரிந்தது. இதே அறையில், இதே வாசலைப் பார்த்து, அம்மையாரைப் பற்றித் தினமும் அவள் சொன்னது இதுதான். அவர் அப்போது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

கோபம் வந்தது. பூரணத்தின் மேல், பிறகு அம்மையாரின் மேல், பிறகு யார் மேல் என்று தெரியாமல். மறுநாளும் கோபம் இருந்தது. போதும் என்று கத்தலாம்தான். ஆனால் அந்தச் சொல் அவளிடம் இல்லை, அம்மையாரிடம் இருந்தது.

அம்மையார் ராத்திரி தன் பழைய கட்டிலில் படுத்தார், பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்குக் கம்பி கிடையாது. செண்பகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவர் முன்னால் சாய வேண்டும், சாய்ந்தார். பூரணத்துக்குக் கை ஓயவில்லை, அதனால் அம்மையாரின் தட்டை மடியில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவர் தானே எடுத்துச் சாப்பிட்டார். தரையெல்லாம் பருக்கை. செண்பகம் தலையைத் திருப்பி அதைப் பார்த்து, உச்சுக் கொட்டுவாள். சாப்பாடு முடிகிற வரை பொறுத்துப் பார்த்திருந்தால் தட்டு காலியானதும் தெரிந்திருக்கும்.

பிறகு நாட்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எத்தனையாவது நாள் என்று பின்னால் அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு மத்தியானம் பூரணம் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். வந்து உட்காரக்கூட இல்லை. கரண்டி இன்னும் கிண்ணத்தில்தான் இருந்தது.

செண்பகம் வாயைத் திறந்திருந்தாள்.

பசியில்லை. கஞ்சி வந்தது, உள்ளே போனது. ஊறுகாய் ஞாபகம் இல்லை. ஜன்னல் ஞாபகம் இல்லை. காலையா மாலையா என்று அன்றைக்கு அவள் கேட்கவே இல்லை. யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை, அவளும் யாரையும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கிடப்பது போல, நன்றாகத்தான் இருந்தது.

அந்த நன்றாக இருந்ததுதான் அவளை உலுக்கியது.

அந்த வாயை அவளுக்குத் தெரியும். எத்தனையோ கட்டில்களில் பார்த்திருக்கிறாள். கரண்டிக்கு முன்பே திறக்கும் வாய், கூரையைப் பார்க்கும் கண். அவர்களைப் பற்றி அடுத்த ஷிஃப்ட் நர்ஸிடம் அவள் சொல்வது ஒன்றுதான்: தொந்தரவில்லாத பேஷண்ட். அப்படிச் சொல்லும்போது அவள் குரலில் பாராட்டு இருக்கும்.

பூரணம் போன பிறகு செண்பகம் நாற்காலிப் பக்கம் தலையைத் திருப்பினாள். நாக்கு ஒட்டியது.

"அம்மா, தண்ணி" என்றாள்.

பூரணம் பின்கட்டில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் கேட்காது. அம்மையார் நாற்காலியின் கைகளைப் பிடித்தார். முன்னும் பின்னும் ஒரு தரம் ஆடினார். எழுந்தார்.

எழுந்தவர் உடனே நடக்கவில்லை. தலை சுற்றல் நிற்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றார். செண்பகம் முழங்கையை ஊன்றிப் பதறி எழுந்தாள்.

"படு" என்றார் அம்மையார்.

பானை அறையின் அந்தப் பக்க மூலையில் இருந்தது. அம்மையார் சுவரைத் தொட்டுக்கொண்டு போனார். சுவர் முடிந்த இடத்தில் ஒரு கணம் எதுவும் பிடிமானம் இல்லை. அவர் உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. செண்பகத்தின் கை கம்பியை இறுகப் பிடித்தது. வாழ்நாள் முழுவதும் பாய்ந்து பிடித்த கை. தோள், விரல், முழங்கால் எல்லாம் ஓடு ஓடு என்றன. முழங்காலை மடக்கப் பார்த்தாள். அது விறைத்துக் கிடந்தது, அவள் சொன்னதைக் கேட்கவில்லை.

சாய்ந்த உடம்பு தானே நேரானது. அம்மையார் பானையின் மூடியை எடுத்தார். டம்ளரில் மொண்டார். திரும்பி வருவதற்குப் போனதைவிட நேரமாயிற்று. கை ஆடியதில் பாதித் தண்ணீர் புடவையில் போயிற்று. கட்டிலுக்கு வந்து கம்பிக்கு மேலாக டம்ளரை நீட்டினார். வாய்க்குக் கொண்டுவரவில்லை. செண்பகத்தின் கைக்கு எதிரே பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் வாங்கிக் குடித்தாள். குடிக்கும்போது கண்ணீர் வந்தது.

"ஏம்மா இத்தனை நாள் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பேனே."

"சொன்னேன்."

"எப்போ?"

"கை நீட்டினேன்."

செண்பகம் டம்ளரைப் பிடித்தபடி கிடந்தாள். கேட்க ஒன்று பாக்கி இருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

"அப்புறம் ஏம்மா நீட்டல?"

அம்மையார் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. அது அடங்கும் வரை பேசவில்லை.

"சுகமா இருந்துச்சு" என்றார். "இன்னிக்கு மத்தியானம் உனக்கு இருந்துச்சுல்ல, அந்தச் சுகம்."

அவர் பார்த்துவிட்டார் என்பதில் செண்பகத்துக்கு உடம்பெல்லாம் கூசியது.

"செய்யிறதுல உனக்கு ஒரு சுகம்" என்றார் அம்மையார். "செய்ய விடுறதுல எனக்கு ஒரு சுகம். ரெண்டு பேருமாச் சேர்ந்துதான் என்னைப் படுக்க வச்சோம். போதும், எந்திரி."

செண்பகம் கம்பியை இறக்கிவிட்டுக் காலைத் தொங்கவிட்டாள். தரையை மிதித்ததும் அறை ஒரு சுற்றுச் சுற்றியது. அறுபது வயசு உடம்பு. இந்தச் சில நாளில் அதன் கால்கள் யாருடைய கால்களோ போலாகியிருந்தன. அம்மையார் எழுந்து வந்து கட்டில் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு மற்ற கையை நீட்டினார். பூரணம் ஈரக் கையோடு உள்ளே வந்தபோது, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆடியபடி நின்றார்கள். யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் பூரணம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

மறுநாள் கட்டில் ஜன்னல் பக்கம் போயிற்று. ஆசாரியைக் கூப்பிட்டுக் குளியலறை வரை சுவரில் கைப்பிடிக் கட்டை அடிக்கச் சொன்னாள் செண்பகம். குழாயடிக் கல்லைப் பாசி போகத் தேய்த்து, உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கினார்கள். படிகளின் விளிம்பில் வெள்ளைக் கோடு இழுத்தாள். கரண்டிக் காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கினாள். விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றைத் தேடிப் பிடித்தாள். சின்ன டம்ளரில், கைக்கு எட்டும் இடத்தில், எப்போதும் தண்ணீர். படுக்கையிலிருந்து எழுந்தால் முதலில் உட்கார வேண்டும், அப்புறம் நிற்க வேண்டும், தலை நின்ற பிறகு நடக்க வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தெரிந்த வேலைதான்.

தெரியாத வேலை ஒன்று இருந்தது. காலையில் அம்மையார் ரவிக்கைக் கொக்கியை மாட்டத் தொடங்குவார். விரல் கொக்கியைக் கண்டுபிடிக்கும், தவறவிடும், மறுபடி தேடும். உலை வைத்து அரிசி களைந்து போடுகிற நேரம் ஆகும். செண்பகம் எதிரே கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆஸ்பத்திரியில் இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து பார்த்த நாட்களில்கூட இத்தனை களைப்பு வந்ததில்லை.

பூரணத்தால் தாங்க முடியாது. "நான் போட்டுவிடுதேன்மா" என்று வருவாள்.

"இரு" என்பாள் செண்பகம்.

ஆசிரமத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. முன்பு எப்படித் தாங்கினாள், இப்போது பெரியவளைத் திண்டாட விட்டு வேடிக்கை பார்க்கிறாள் என்றார்கள். பார்க்க வந்த ஓர் அம்மாள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள், நர்ஸாக இருந்தவளுக்கு மனசாட்சி இல்லையா என்று. பெரிய சிஸ்டர் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை என்பதைச் செண்பகம் கவனித்தாள். அதற்காக வருத்தப்படுகிறோமா என்று தன்னைத்தானே பார்த்துக்கொண்டாள். கொஞ்சம் வருத்தம் இருந்தது.

குதிகால் சிவப்பு மங்கி மறைந்தது. பகல் தூக்கம் குறைந்தது, பொழுது சாயும்போது வந்த குழப்பமும் குறைந்தது. எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. மணிக்கட்டு முழுசாகத் திரும்ப மறுத்தது. சில பெயர்கள் போனது போனதுதான். குரல் மெலிந்துவிட்டது. ஆனால் பூரணத்தைப் பூரணம் என்றே கூப்பிட்டார். குழம்பில் உப்பு இல்லை என்று மறுபடியும் சண்டை பிடித்தார்.

பங்குனியில் ஆண்டுக் கூட்டம் வந்தது. பல ஊர்களிலிருந்து அன்பர்கள் வந்து கூடத்தில் நிறைந்தார்கள். அம்மையார் பேசப் போகிறார் என்று கேள்விப்பட்டுத் தென்காசி அன்பர் ஒருவர் புதிதாக ஒரு சக்கர நாற்காலியே வாங்கி வந்திருந்தார். அம்மையார் அதைத் தடவிப் பார்த்தார். நல்ல நாற்காலி என்றார். திரும்பி வரும்போது களைப்பாக இருக்கும், அப்போது வேண்டியிருக்கும், கூடத்து வாசலில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். பிறகு அறையை விட்டு நடந்து வெளியே வந்தார்.

அறைக்கும் கூடத்துக்கும் நடுவே முற்றம். செண்பகம் அம்மையாரின் பலம் குறைந்த பக்கத்தில், அரை அடி பின்னால் வந்தாள். கையில் ஒன்றும் வைத்திருக்கவில்லை. கூடத்திலிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று பார்த்தார்கள். யாரோ உச்சுக் கொட்டினார்கள். யாரோ, பிடிங்கம்மா அவங்களை என்றார்கள். செண்பகத்துக்குக் கேட்டது.

முற்றத்தின் நடுவில் அம்மையார் நின்றார். மலைக்காற்று ஒன்று இறங்கி வந்து புடவைத் தலைப்பை இழுத்தது. அந்த மெலிந்த உடம்பு லேசாக ஆடியது. செண்பகத்தின் இரண்டு கைகளும் தாமாக எழுந்தன. அவற்றைப் பார்த்தாள். மெல்லக் கீழே இறக்கினாள்.

ஆட்டம் நின்றது. அம்மையார் மேலே நடந்தார். கூடத்துப் படி வந்தது.

அங்கேதான் செண்பகத்துக்கு மனசு விட்டுப்போயிற்று. அம்மையாரின் காதருகே போய், மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டாள்.

"அம்மா, விழுந்துட்டா?"

"தூக்கு."

"அதுவரைக்கும்?"

அம்மையார் முதல் படியில் காலை வைத்தார்.

"கூட நட."